பூண்டு விளையும் பூண்டியில் ஒரு குட்டி விருந்தாளி

கொடைக்கானலில் பேருந்து ஏறினால் முதலில் வருவது பூம்பாறை. படிக்கட்டு வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கே பார்க்க வேண்டியவை. பிறகு மன்னவனூர், கவுஞ்சி. அதையும் தாண்டினால் பூண்டி. கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்கும் அப்பால் இருக்கும் கிளாவரை, மேல்மலையின் கடைக்கோடி ஊர்களில் ஒன்று.

ஊரைச் சுற்றிலும் சரிவுகளில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். இந்தப் பகுதியின் பூண்டுக்குத்தான் 2019-ல் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் எலும்பு வரை இறங்கும். வேலை முடித்து வந்தவர்கள் அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கீழே டவுனில் வாங்கி வந்த கினிப்பன்றி ஒன்று, திண்ணையில் மரப்பெட்டிக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அதுதான் கூட்டாளி. ஒருநாள் காலையில் அது கத்தவில்லை. மூலையில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருக்கிறது.

“அம்மா, இது நேத்துல இருந்து எதுவுமே திங்கலம்மா.”

“குளிருக்குச் சுருண்டு கெடக்கும் கண்ணு. வெயில் வந்தா சரியாயிடும்.”

வெயில் வந்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. காயம் இல்லை, கழிச்சல் இல்லை, என்ன நோய் என்றே தெரியவில்லை. மருத்துவமனையோ மலைப்பாதையில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த வீடு இப்போது என்ன செய்ய வேண்டும்?

நோயை ஒளித்து வைக்கும் பிராணி

கினிப்பன்றிக்கும் கினி நாட்டுக்கும் தொடர்பில்லை. அது பன்றியும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி அது. பூண்டிக் காட்டில் விளைகிற உருளைக்கிழங்கின் பூர்வீகமும் அதே மலைதான். பெரு, பொலிவியா, ஈக்வடார் மலைக்கிராமங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள்.

பெரிய விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால், தன் பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது இதன் சுபாவம். ஆடு நொண்டினால் தூரத்திலிருந்தே தெரியும். மாடு அசை போடாவிட்டால் உடனே கவனித்துவிடுவோம். கினிப்பன்றி அப்படியில்லை. நோய் பாதி முற்றிய பிறகுதான் சுருண்டு உட்காரும். ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்று வளர்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். உண்மையில் அது பல நாட்களாகவே சரியில்லாமல் இருந்திருக்கும்.

இதன் குடல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தீனி எடுக்கவில்லை என்றாலே ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இதற்குப் பொருந்தாது.

முயல் வேறு, இது வேறு

பூண்டிக்குப் போகும் வழியில் உள்ள மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. பாரத் மெரினோ ஆடுகளோடு, வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் அங்கே உண்டு. அதனால் மேல்மலைக்காரர்களுக்கு முயல் புதிதல்ல. முயல் தீவனமும் முயல் கூண்டும் பழகியவை.

சிக்கல் இங்கேதான் வருகிறது. பார்க்க முயல் குட்டி போல இருப்பதால், முயலுக்குப் போடும் குச்சித் தீவனத்தையே கினிப்பன்றிக்கும் போட்டுவிடுவார்கள். முயலின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றியின் உடம்புக்கு அந்தச் சக்தி கிடையாது. மனிதர்களைப் போலவே, தினமும் தீனி வழியாகத்தான் அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சில வாரங்களில் ஸ்கர்வி நோய் வந்துவிடும். முடி சொரசொரப்பாகும், மூட்டு வீங்கும், நடக்க வலிக்கும், ஈறில் இரத்தம் கசியும், எடை குறையும், சின்னப் புண்கூட ஆறாது. ‘காரணமே தெரியவில்லை’ என்று சொல்லப்படும் பல நோய்களுக்குப் பின்னால் இந்தக் குறைபாடு இருப்பதுண்டு.

இன்னொன்று, முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் விடக்கூடாது. முயலின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி, முயலுக்கு ஒரு தொந்தரவும் தராமல் இருக்கலாம். அதே கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியா உண்டாக்கிக் கொன்றுவிடும்.

இந்தப் பிராணி சொல்லிக்கொடுத்த பாடம்

ஸ்கர்வியின் காரணத்தைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு உதவியதே இந்தச் சின்னப் பிராணிதான். 1907-ல் நார்வே நாட்டின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிச் ஆகிய இருவரும் கப்பல் மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்தார்கள். கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை நோயில் விழுந்தன. ஆனால் அது பெரிபெரி இல்லை, ஸ்கர்வி. பச்சைக் காய்கறி கொடுத்தால் அந்த நோய் வராமல் தடுக்கவும் முடிந்தது. காரணம் தெரியாமல் கிடந்த ஒரு நோய்க்கு வழி திறந்தது அப்படித்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1918-ல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டியர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். சத்துக்குறைவால் வரும் நோய்களைப் புறா, கினிப்பன்றி போன்றவற்றை வைத்து ஆராய்ந்தார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

காட்டில் இருப்பதெல்லாம் தீனி ஆகாது

பூண்டியில் பச்சைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தப் பச்சை என்பதுதான் கேள்வி. பூண்டுத் தாள், வெங்காயத் தாள் இரண்டும் இதற்கு நஞ்சு. இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். உருளைக்கிழங்குச் செடியின் இலை, பச்சை படிந்த கிழங்கு, முளை ஆகியவையும் ஆகாது. மனிதர்களுக்கு வருமானம் தரும் இரண்டு பயிர்களும் இந்தப் பிராணிக்கு எதிரி. காட்டிலிருந்து ஒரு கை அள்ளி வந்து போடும் பழக்கத்தில்தான் தவறு நடக்கும். மருந்து அடித்த காட்டின் வரப்புப் புல்லும் வேண்டாம்.

அன்றாடத் தீனியில் பெரும்பங்கு, மருந்து படாத புல்லும் உலர்ந்த புல்லும்தான். இதன் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை மென்றால்தான் தேயும். தேயாத கடைவாய்ப் பல் நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அப்போது தீனிக்கு ஆசையாக வரும், வாயில் வைக்கும், கீழே போட்டுவிடும். தாடை எச்சிலில் நனைந்திருக்கும்.

குதிரை மசாலில் சுண்ணாம்புச்சத்து அதிகம். வளர்ந்த கினிப்பன்றிக்கு அதைத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேர வாய்ப்பு உண்டு.

வைட்டமின் சி-க்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. மலை இறங்கினால் பழனி பக்கத்தில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். 10 கிராம் அளவுள்ள சின்னக் கொய்யாத் துண்டிலேயே சுமார் 20 மில்லிகிராம் இருக்கிறது. கொத்தமல்லித் தழை, குடைமிளகாய்த் துண்டு ஆகியவையும் கொடுக்கலாம். பழம் சிறு துண்டுக்கு மேல் வேண்டாம். சர்க்கரை கூடினால் வயிறு கெடும். வைட்டமினைத் தண்ணீரில் கலந்து வைப்பதில் பலனில்லை. சீக்கிரமே வீரியம் போய்விடும்.

அடுப்படிதான் நல்ல இடம்

ஆண்டிஸ் மலையும் குளிர் தேசம்தானே, பூண்டிக் குளிர் இதை என்ன செய்யும் என்று தோன்றலாம். அங்கே மலைக்குடிகள் இதை அடுப்படியில், கதகதப்பில் வளர்க்கிறார்கள். இதற்குச் சுகமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை. திறந்த திண்ணையில், பனிக்காற்றில் வைத்தால் சளி பிடிக்கும். அடுப்படியை ஒட்டிய அறையில், காற்று வீச்சு இல்லாத மூலையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, உலர்ந்த புல் தடிமனாகப் பரப்பி வைப்பது நல்லது. புகை நேராகப் படும் இடம் மட்டும் கூடாது. நனைந்த படுக்கையை அன்றன்றே மாற்ற வேண்டும்.

மீதி மாத்திரை உயிரைப் பறிக்கும்

மருத்துவர் தூரத்தில் இருக்கும் ஊர்களில், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. கினிப்பன்றி விஷயத்தில் அது கூடவே கூடாது. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகள் இதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். கெட்டவை பெருகி, சில நாட்களில் உயிர் போய்விடும். குழந்தைக்கோ ஆட்டுக்கோ ஒத்துக்கொண்ட மருந்து இதற்கு நஞ்சாகலாம். மருத்துவரிடமும் ‘இது கினிப்பன்றி’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் வரும் வரை கதகதப்பாக வைக்கலாம். வயிறு உப்பாமல் இருந்தால், ஊறவைத்து மசித்த தீவனத்தை ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். வயிறு உப்பியிருந்தால் எதுவும் புகட்டக் கூடாது. கால்நடை ஆம்புலன்ஸுக்கான கட்டணமில்லா எண் 1962. அடிவாரத்தில் உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

ஒரு தராசு, ஒரு நோட்டு

இத்தனையிலும் பெரிய உதவி, சமையலறைத் தராசுதான். வாரம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். உடம்பு சரியில்லாதபோது தினமும் போட வேண்டும். வளர்ந்த கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். 900 கிராம் இருந்தது 810-க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. உடனே கிளம்ப வேண்டும். கண் ஏமாந்துவிடும், தராசு ஏமாறாது. எடையோடு சேர்த்து, புழுக்கை சிறுத்ததா, என்ன தீனி போட்டது, சிறுநீர் கழிக்கும்போது கத்தியதா என்று இரண்டு வரி எழுதினால் போதும். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இவ்வளவு செய்தும் சில சமயம் காரணம் பிடிபடாமல் போகலாம். பிராணி இறந்துபோனால், மனம் கேட்காவிட்டாலும், உடலை ஐஸ் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேட்கலாம். அதே வீட்டில் இன்னொரு கினிப்பன்றியோ முயலோ இருந்தால், அதைக் காப்பாற்றும் வழி அதில் கிடைக்கலாம்.

அந்தத் திண்ணை வீட்டுப் பிள்ளை கடைசியில் கேட்கும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

“நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?”

அதற்குப் பதில் சொல்ல அந்த நோட்டு உதவும். பிள்ளை தினமும் தீனி போட்டது, தினமும் பார்த்தது, எடை போட்டது எல்லாம் அதில் இருக்கும். தவறு இருந்தால் அதுவும் இருக்கும். அடுத்த முறை அதைத் திருத்திக்கொள்ளலாம். தவறே இல்லை என்றால், அதையும் அம்மா பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம்.