நாற்பதுக்கு ஒன்று
வெர்மாண்டின் மேப்பிள் மரங்கள் முதல் வருடக்காரர்களிடம் வாங்கும் வேலை

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வெர்மாண்டில் ஊர்க்கூட்ட நாள். சாலை மராமத்துச் செலவு முதல் எல்லாவற்றையும் ஊரார் கூடி ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டிய இந்தச் சிறு மாநிலத்தில் சுமார் ஆறரை லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் அந்நாட்டில் தயாராகும் மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதி இங்கிருந்துதான் வருகிறது. ஊர்க்கூட்ட நாளன்றுதான் மரத்தில் துளையிட வேண்டும் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு இப்போது செல்லுபடியாவதில்லை. பெரிய தோப்புக்காரர்கள் ஜனவரியிலேயே துளையிடத் தொடங்கிவிடுகிறார்கள். காலண்டரைப் பார்த்துக் காத்திருக்கும் புதியவருக்கு முதல் ஓட்டம் கை நழுவிப் போகிறது.

பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரை. இரவில் உறைய வேண்டும், பகலில் இளக வேண்டும். உறையும் இரவில் மரம் வேர் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பகலில் பனி இளகும்போது உள்ளே அழுத்தம் கூடி, துளை வழியாகச் சாறு சொட்டுகிறது. நாள் முழுக்கக் குளிரானாலும் சொட்டாது, நாள் முழுக்க வெயிலானாலும் சொட்டாது. பனையில் ஏற வேண்டும், பாளையைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். மேப்பிளுக்கு அந்தப் பாடு இல்லை. தரையில் நின்றபடி எட்டு மில்லிமீட்டர் அகலம், நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, சிறு குழாய் ஒன்றைத் தட்டிச் செருகி வாளியை மாட்டினால் போதும். அரை மணி நேர வேலை. இவ்வளவுதானா என்று புதியவர் நினைக்கும் இடம் இது.

கஷ்டம் வாளி நிறைந்த பிறகு ஆரம்பிக்கிறது. பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கும் மேல். மேப்பிள் சாற்றில் சுமார் இரண்டு சதவீதம். நாக்கில் விட்டால் தண்ணீர்தான்; கவனித்தால் மட்டும் லேசான இனிப்பு தெரியும். பாகில் சர்க்கரை 66 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். எத்தனை லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும் என்பதற்கு வெர்மாண்டில் பழைய வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது. 86ஐ சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். இரண்டு சதவீதம் என்றால் 43 லிட்டர். மூன்று சதவீதம் வந்துவிட்டால் 29 லிட்டர் போதும். பேச்சு வழக்கில் நாற்பதுக்கு ஒன்று என்பார்கள். ஒரு துளையிலிருந்து ஒரு பருவத்துக்குச் சுமார் 40 லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம். பத்து வாளி மாட்டியவர் 390 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கைக்கு வருவது பத்து லிட்டர்.

இந்த ஆவி வீட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைச் சமையலறை அடுப்பில் காய்ச்சிப் பார்த்தவர்கள் சொல்வார்கள்: சுவரில் ஒட்டிய அலங்காரக் காகிதம் உரிந்து வரும். அதனால்தான் கூரையில் ஆவி போகத் திறப்பு வைத்த சர்க்கரைக் கொட்டகை என்று தனியாகவே கட்டுகிறார்கள். உயரமான அண்டாவும் உதவாது. அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும் தட்டுதான் சீக்கிரம் வற்றும். பச்சை விறகு புகையுமே தவிர எரியாது. இந்த மார்ச்சுக்கான விறகைப் போன கோடையிலேயே பிளந்து காய வைத்திருக்க வேண்டும் என்பது பல பேருக்கு மார்ச்சில்தான் தெரிகிறது. பெரிய உற்பத்தியாளர்களிடம் ரிவர்ஸ் ஆஸ்மாஸிஸ் இயந்திரம் உண்டு. நம் வீடுகளில் வடித்த நீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுகிறோம். அங்கே நீரை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காய்ச்சுகிறார்கள். சாற்றைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலாம் என்றும் இருக்க முடியாது. பாலைப் போல அதுவும் வெயில் பட்டால் கெட்டுவிடும். பகலில் சேர்த்ததை இரவில் காய்ச்ச வேண்டும். மறுநாள் அலுவலகத்தில் தூங்கி வழிய வேண்டும்.

ஒரு நாள் முழுக்க எரித்தது வீணாவதும் வீணாகாததும் கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் சுமார் நான்கு டிகிரி செல்சியஸில் பாகு தயார். காற்றழுத்தத்தைப் பொறுத்துத் தண்ணீரின் கொதிநிலை அன்றாடம் மாறும் என்பதால், முதலில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்வது நல்லது. பழைய கைகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. கரண்டியில் மொண்டு கவிழ்ப்பார்கள். சொட்டாமல் ஏடு போல அகலமாக வழிந்தால் பதம். முன்னதாக இறக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், தாமதித்தால் சர்க்கரையாகக் கட்டும். தட்டில் விரல் அளவுக்கு மட்டும் நிற்கும்போது அந்தப் பக்கம் திரும்பினால், நாற்பது லிட்டரும் கரித்தகடாகிவிடும். பொங்கி வந்தால் துளி வெண்ணெய் போட்டால் அடங்கும். அடியில் சேரும் மண் போன்ற படிவம் அழுக்கு அல்ல, மரத்திலிருந்தே வரும் தாதுப்பொருள். சூடாக இருக்கும்போதே கம்பளித் துணியில் வடிகட்டிவிட வேண்டும்.

முடிவு எப்போது என்பதையும் மரமே தீர்மானிக்கிறது. மொட்டுகள் பருத்துவிட்டால் சாறு சுவை கெட்டுவிடும். எத்தனை காய்ச்சினாலும் பாகில் வேண்டாத நெடி தங்கும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கும் பருவம் 2012இல் திடீரென முடிந்தது. அந்த மார்ச்சில் வெர்மாண்டில் கோடை போல வெயில் அடித்தது. மாநிலத்தின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அனுபவசாலிகளே கையைப் பிசைந்த அந்த வருடத்தில், முதல் முறையாக வாளி மாட்டியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

போதவில்லை என்றால் இன்னொரு துளை போடத் தோன்றும். துளை தாங்க மரம் 25, 30 சென்டிமீட்டர் குறுக்களவாவது இருக்க வேண்டும். அந்தப் பருமனுக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். பருவம் முடிந்ததும் குழாயைப் பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். துளையை யாரும் அடைப்பதில்லை; மரமே மூடிக்கொள்ளும். வெளியே தழும்பு மட்டும் தெரியும். உள்ளே, துளைக்கு மேலும் கீழும் நீளமாக ஒரு பகுதி பழுப்பேறிச் செத்துவிடும். அங்கிருந்து இனிச் சாறு வராது. அடுத்த வருடம் சற்றுத் தள்ளித் துளையிட வேண்டும். துரப்பணத்தோடு வெளுத்த தூள் வந்தால் இடம் சரி. பழுப்புத் தூள் வந்தால் பழைய காயத்தில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.