பென் டிரைவில பிழை இல்ல மகன்

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி பற்றியதுதான், ஆனால் ஒரு பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்ட கதையும் இதில் இருக்கிறது. அதனால் கணினி தெரியாத பெற்றோரும் வாசிக்கலாம்.

எங்கள் கணினி கூடத்தில் 8 பழைய கணினிகள். எல்லாவற்றிலும் உபுண்டு 22.04. நலன்விரும்பி ஒருவர் வாங்கித் தந்த வைஃபை டொங்கிள்களைக் கொழுவினால் ஒன்றும் நடக்கவில்லை. தேடிப் பார்த்தேன். அந்த ரியல்டெக் சிப்புக்கான யூஎஸ்பி டிரைவர் லினக்ஸ் 6.2 இலிருந்துதான் கேர்னலுக்குள் சேர்ந்திருக்கிறது. எங்களிடம் ஓடியது 5.15.

கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் அடிப்பாகம். வன்பொருளோடு பேசுவது அதுதான். லினக்ஸில் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி நாமே தொகுத்துக் கொள்ளலாம். உயர்தரப் பிள்ளைகளுக்கு கேர்னல் என்றால் என்னவென்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதும் ஆள் நான். ஒரு நாளும் தொகுத்தது கிடையாது. விடுமுறையில் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஃபிளெக்ஸ் இல்லை, பைசன் இல்லை, ஓப்பன்எஸ்எஸ்எல் கோப்பு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கேட்டதை நிறுவினால் சரி, அது பெரிய விஷயமில்லை. அடுத்து 'கெனோனிக்கல் சேர்ட்ஸ்' என்ற கோப்பைக் காணவில்லை என்று நின்றது. உபுண்டுவின் பழைய கொன்ஃபிக் கோப்பை அப்படியே எடுத்தால் இது வரும். அது உபுண்டு நிறுவனத்தின் சான்றிதழ், நம்மிடம் இருக்காது. கொன்ஃபிக்கில் 'சிஸ்டம் ட்ரஸ்டெட் கீஸ்', 'சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ்' என்ற இரண்டையும் வெறுமையாக்கினால் தாண்டிப் போகும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போனது. காரணம், நான் கடைசி வரியை வாசித்துக் கொண்டிருந்தேன். கடைசி வரியில் 'எரர் 2' என்றுதான் இருக்கும், அதிலே ஒரு விளக்கமும் கிடையாது. ஒரே நேரத்தில் நாலு வேலை ஓடும்போது ஒன்று பிழைத்தாலும் மற்ற மூன்றும் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே போகும். உண்மையான பிழை எங்கோ மேலே புதைந்து கிடக்கும். வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, 'எரர்' என்ற சொல் முதலில் வரும் இடத்தைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒரு வேலையாக மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். மேக் கட்டளையில் 'மைனஸ் ஜே' போட்டுவிட்டு எண்ணைப் போட மறந்துவிட்டேன். எண் இல்லாவிட்டால் எத்தனை வேலை வேண்டுமானாலும் ஒரேயடியாகத் தொடங்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினி. சுட்டி அசையவே இல்லை, சுவிட்சை நிறுத்தித்தான் எழுப்பினேன். மூன்றாம் நாள் இரவு முழுக்க ஓடி, காலையில் போய்ப் பார்த்தால் வன்தட்டு நிரம்பி நின்றிருந்தது. டீபக் தகவலை நிறுத்தாமல் விட்டதன் விளைவு.

வன்தட்டில் இடம் போதாததால்தான் 'லோக்கல்மொட்கொன்ஃபிக்' பக்கம் போனேன். இப்போது இந்தக் கணினியில் எந்தெந்த மொடியூல்கள் ஏறியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். டொங்கிள் டிரைவரை மெனுகொன்ஃபிக்கில் நானே தெரிவு செய்தேன். இரவு முழுக்க ஓடியும் முடியாத வேலை, லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. முதல் தடவை மொடியூல்களை நிறுவ மறந்து, வன்தட்டையே காணவில்லை என்று கறுப்புத் திரை வந்தது. பழைய கேர்னலை நான் அழிக்கவில்லை, கிரப் மெனுவில் அதைத் தெரிவு செய்து திரும்பி வந்தேன். பிறகு டெப் கோப்பாகச் செய்து 8 கணினிகளுக்கும் போட்டேன். வைஃபை வந்தது. அதிபர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பாடசாலை தொடங்கி இரண்டாம் நாள், தரம் 12 பிள்ளை ஒருவன் தன் பென் டிரைவைக் கொழுவினான். திறக்கவில்லை. வேறு கணினியிலும் திறக்கவில்லை. "மலிவா வாங்கினா இப்படித்தான். வேலைய ஒழுங்கா சேமிக்கத் தெரியாதா?" என்று வகுப்புக்கு முன்னால் ஏசினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "சேர், பக்கத்துக் கடையில போட்டுப் பார்த்தேன். அங்க தொறக்குது சேர்" என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் அவனுடைய பென் டிரைவின் பெயர் தெரிந்தது. கேர்னலின் செய்திகளில் புதிய யூஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது என்றும் இருந்தது. ஆனால் வட்டாக அது ஏறவே இல்லை. பழைய கேர்னலில் எழுப்பினேன், உடனே திறந்தது. கொன்ஃபிக் கோப்பில் 'யூஎஸ்பி ஸ்டோரேஜ்' வரி அணைந்திருந்தது. நான் லோக்கல்மொட்கொன்ஃபிக் ஓட்டிய நேரத்தில் அந்தக் கணினியில் பென் டிரைவ் ஒன்றும் கொழுவியிருக்கவில்லை. தேவையில்லாதது என்று அது நீக்கிவிட்டது. டெப் கோப்பை மற்ற கணினிகளுக்குக் கொண்டு போனதே பென் டிரைவில்தான்! அப்போது அவை பழைய கேர்னலில் ஓடின, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஏசியது வகுப்புக்கு முன்னால், அதனால் மன்னிப்பும் அங்கேயேதான் கேட்டேன். "பென் டிரைவில பிழை இல்ல மகன், நான் செஞ்ச கேர்னல்லதான் பிழை" என்று சொல்லி, பிழையான வரியைத் திரையில் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அப்ப பிரின்டரும் வேல செய்யாதா சேர்?" என்று கேட்டான். போய்ப் பார்த்தோம். அதுவும் வேலை செய்யவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, உபுண்டு 22.04 க்கே புதிய கேர்னல் பொதி வருகிறது, ஒரே கட்டளையில் நிறுவியிருக்கலாமே சேர் என்றார். உண்மைதான். என் விடுமுறை போனது போனதுதான்.

ஆனாலும் அந்த வகுப்பு இப்போது என்னைத் தாமே தொகுக்க விடுங்கள் என்று கேட்கிறது. ஒரு கணினியை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் லோக்கல்மொட்கொன்ஃபிக் ஓட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைதான் அலுமாரியைத் திறந்து பென் டிரைவ், பிரின்டர், வெப்கேம், டொங்கிள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்து கொழுவிக் கொண்டிருந்தான்.