எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டில் ஓர் ஈஸ்டர் இனிப்பு!

மல்லாங்கிணற்றில் அந்தத் தெருவுக்கு அவர் 'பால்வாடி டீச்சர்'. ரிட்டயர்டு ஆகி நான்கு வருடமாகிவிட்டது. ஆனாலும் தெருவில் பாதிப் பேருக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர் மாறவே இல்லை.

அந்தத் தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அதிரசமும் முறுக்கும் சுட்டு, வீடு வீடாகத் தட்டு போகும். சுடுவது டீச்சர், தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது அவர் கணவர். முப்பது வருடமாக அப்படித்தான்.

போன ஆடியில் கணவர் தவறிவிட்டார். காலையில் டீ குடித்துவிட்டு சைக்கிள் கடையைத் திறக்கப் போனவர், திரும்பி வந்தது ஆம்புலன்ஸில்.

இந்தப் பக்கத்தில் துக்க வீட்டில் வருஷம் திரும்பும் வரை எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. சோறு, குழம்பு உண்டு. பலகாரம் கிடையாது. மதம் வேறாக இருந்தாலும் வழக்கம் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். அந்த வருஷம் முழுக்க மற்ற வீடுகளிலிருந்துதான் பலகாரம் வரும். தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. பொங்கலுக்கு மூன்று வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. ரம்ஜான் மாதத்தில் கடைசி வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது.

பலகாரம் தீர்ந்துவிட்டது. பாத்திரங்கள் மட்டும் டீச்சர் வீட்டிலேயே தங்கிவிட்டன.

தூக்குவாளி ஒன்று, கிண்ணம் மூன்று, மூடி போட்ட டப்பா இரண்டு, டிபன் கேரியரின் ஓர் அடுக்கு. ஆக, ஏழு. எல்லாவற்றின் அடியிலும் அந்தந்த வீட்டுப் பெயர் வெட்டியிருக்கிறது. கழுவித் துடைத்து அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார் டீச்சர். திருப்பிக் கொடுக்க முடியவில்லை. காரணம், பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நிரப்பிக் கொடுக்கலாம் என்றால், எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது!

"எண்ணெய் இல்லாம செஞ்சா?"

பெரிய வியாழன் அன்று சாயங்காலம், மதுரையிலிருந்து பேத்தி வந்து இறங்கினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனவள் அலமாரியைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாச்சி, இது யாரு வீட்டுப் பாத்திரம்? வேற வேற பேரா இருக்கு."

டீச்சர் சொன்னார். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எண்ணெய்தானே வைக்கக் கூடாது? எண்ணெயும் இல்லாம, அடுப்புல ஏத்தாமயும் ஒரு ஸ்வீட் செஞ்சா?"

"அப்படி என்னத்தா இருக்கு?"

இருக்கிறது. அடுப்பில் ஏற்றாத இனிப்பு ஈஸ்டருக்குப் புதிதும் அல்ல. ரஷ்யாவில் ஈஸ்டர் அன்று 'பாஸ்கா' என்றே ஒரு பண்டம் செய்கிறார்கள். பால் திரித்த கட்டி, வெண்ணெய், சர்க்கரை, உலர்ந்த பழங்கள் எல்லாவற்றையும் பிசைந்து, கூம்பு மாதிரியான மர அச்சில் போட்டு, மேலே கனம் வைத்து, நீர் வடிய விட்டுவிடுவார்கள். கெட்டியானதும் அச்சைக் கழற்றினால் இனிப்பு தயார். அங்கே தவக்காலம் முழுக்க பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அத்தனை நாள் தள்ளிவைத்தது எல்லாம் ஈஸ்டர் காலையில் ஒன்றாக மேஜைக்கு வரும்.

நம் ஊர் ஆலயங்களில் சனிக்கிழமை இரவு நடக்கும் 'பாஸ்கா திருவிழிப்பு', கேரளத்தில் பெரிய வியாழனன்று வீட்டில் பிட்டுக் கொடுக்கும் 'பெசஹா அப்பம்', ரஷ்யாவின் அந்த இனிப்பு... மூன்று பெயருக்கும் வேர் ஒன்றுதான். யூதர்களின் 'பெசாக்' பண்டிகை.

இலங்கையில் இன்னும் சுலபம். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து, வெண்ணெயும் சர்க்கரையும் கோகோவும் அடித்த கலவையோடு அடுக்கி, முந்திரி தூவிக் குளிர வைக்கும் 'பிஸ்கட் புட்டிங்' அங்கே பண்டிகை, பிறந்தநாள் என்று எல்லா வீட்டிலும் உண்டு. அந்த மாரி பிஸ்கட்டுக்கும் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. 1874-ல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் இங்கிலாந்து இளவரசருக்கும் நடந்த திருமணத்தை ஒட்டி, லண்டன் கம்பெனி ஒன்று போட்ட பிஸ்கட் அது. இன்றைக்கு நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது.

கோவா ஒரு பக்கம், கடலை ஒரு பக்கம்

பேத்தி செல்போனில் பார்த்த செய்முறைகளில் க்ரீம் சீஸ், ஜெலட்டின் என்று என்னென்னவோ இருந்தன. மல்லாங்கிணற்றுக் கடைகளில் அதற்கெல்லாம் எங்கே போவது? அதுபோக, ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. தெருவில் பங்குனிப் பொங்கலுக்கு விரதம் இருந்து முடித்த வீடுகளும் உண்டு. சுத்த சைவ வீடும் ஒன்று உண்டு.

"எல்லாரும் சாப்பிடுற மாதிரிதான் செய்யணும். ஒரு வீடு சாப்பிடலைன்னாலும் அந்தப் பாத்திரம் எனக்கு இங்கயேதான் கெடக்கும்" என்றார் டீச்சர்.

யோசனை அவருக்கேதான் தோன்றியது. க்ரீம் இல்லாவிட்டால் என்ன, ஸ்ரீவில்லிபுத்தூர் இதே மாவட்டம்தானே? பாலும் சர்க்கரையும் மட்டும் சுண்டக் காய்ச்சிய பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. மேலே தூவ முந்திரிக்குப் பதில் கோவில்பட்டி கடலைமிட்டாய். அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் காட்டுக் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த மொறுமொறுப்பு வேறு எதில் வரும்?

விருதுநகரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, சனிக்கிழமை மதியம் ஒரு கிலோ பால்கோவா வாங்கி வந்து கொடுத்தார். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பேத்தி இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

செய்முறை: 4 பேருக்கு

மாரி பிஸ்கட் - 12
பால்கோவா - 125 கிராம்
காய்ச்சி ஆறவைத்த பால் - 125 மில்லி
இன்ஸ்டன்ட் காபித்தூள் - அரை டீஸ்பூன்
கடலைமிட்டாய் - 50 கிராம்
உப்பு - ஒரு சிட்டிகை

1. பால்கோவாவுடன் உப்பும் 50 மில்லி பாலும் சேர்த்து, கட்டியில்லாமல் மசியுங்கள். தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதம் வேண்டும். கோவா இறுகலாக இருந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் பால் விடலாம்.

2. மீதிப் பாலில் காபித்தூளைக் கரையுங்கள். கோவாவின் தித்திப்பு திகட்டாமல் இருக்கத்தான் இந்தக் காபியும் உப்பும். குழந்தைகளுக்கு என்றால் காபியை விட்டுவிட்டு வெறும் பால் போதும்.

3. பிஸ்கட்டை ஒவ்வொன்றாகப் பாலில் முக்கி, 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் நான்கு பிஸ்கட் பரப்புங்கள். இடைவெளியை உடைத்த துண்டுகளால் அடையுங்கள்.

4. மேலே கோவாக் கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தடவுங்கள். இப்படி மூன்று அடுக்கு. கடைசி அடுக்கு கோவாவாக இருக்கட்டும்.

5. மூடி ஃபிரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் வையுங்கள். ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. பிஸ்கட் ஈரத்தை இழுத்து, கேக் மாதிரி வெட்ட வரும்.

6. கடலைமிட்டாயைப் பரிமாறும்போது மட்டும் நொறுக்கித் தூவுங்கள். முன்னாலேயே தூவினால் வெல்லம் இளகிப் பிசுபிசுத்துவிடும்.

இது பால் பண்டம். சித்திரை வெயிலுக்கு வெளியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வாய்க்கு மேல் வேண்டாம்.

முதல் கிண்ணம் கூழானது!

சொல்வதற்கு எளிதுதான். முதல் கிண்ணத்தில் பேத்தி பிஸ்கட்டை மொத்தமாகப் பாலில் கொட்டிவிட்டு, போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் பிஸ்கட்டைக் காணோம், கூழ்தான் இருந்தது.

"போச்சு அம்மாச்சி!"

"எதுவும் போகல. எடு அந்தத் தேங்காயை" என்றார் டீச்சர். கூழில் இன்னும் நாலு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, தேங்காய்த் துருவலில் புரட்டி உருண்டை பிடித்தார். பன்னிரண்டு உருண்டை வந்தது. அங்கன்வாடியில் முப்பது வருடம் சத்துமாவு உருண்டை பிடித்த கை அல்லவா!

அதற்குப் பிறகு டீச்சர் முக்கிக் கொடுக்க, பேத்தி அடுக்கினாள். தனியாகத் தட்டு எதுவும் வைக்கவில்லை. ஏழு வீட்டின் ஏழு பாத்திரத்திலேயே நேராக அடுக்கினார்கள். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எல்லாம் வெளியே எடுத்து, நடுத்தட்டைக் கழற்றினால்தான் தூக்குவாளி உள்ளே போனது.

எல்லாம் முடிந்து ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தியபோது பேத்தி கேட்டாள். "காலைல நீங்கதானே போய்க் கொடுப்பீங்க?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ போய்க் குடுத்துட்டு வந்துரு பாப்பா."

"ஏன்?"

"நல்ல நாளும் அதுவுமா நான் எதுக்கு? எதிர் வீட்டுல பிள்ளைக்கு வளைகாப்பு வச்சிருக்காக."

பேத்திக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. ஒன்பது மாதமாக அம்மாச்சி ஆலயத்துக்கும் ரேஷன் கடைக்கும் மட்டுமே போய் வருகிறார். தெருவில் யாரும் வராதே என்று சொன்னதில்லை. அவராகவே நிறுத்திக்கொண்டார். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியது. அ, ஆ சொல்லிக்கொடுத்தவராக இருந்தாலும் அது மனதைவிட்டுப் போகவில்லை.

அன்று நடு இரவு வரை திருவிழிப்பு. இருட்டில் பாஸ்கா திரியிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தியை இன்னொருவர் ஏற்ற, ஆலயம் முழுக்க வெளிச்சமானது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் பேத்தி மெல்லக் கேட்டாள். "அம்மாச்சி, விடியக்காலைல கல்லறைக்கு நறுமணப் பொருள் எடுத்துட்டுப் போனது யாரு?"

"பெண்கள்தான்."

"உயிர்த்துட்டார்னு முதல்ல சேதி சொல்லப் போனது?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

எதிர் வீட்டு வாசல்

ஞாயிறு காலை ஏழு மணி. கடலைமிட்டாயை நொறுக்கித் தூவி, முதல் பாத்திரத்தை டீச்சரே எடுத்தார். எதிர் வீட்டு டப்பா. பேத்தி மற்ற பாத்திரங்களோடு பின்னாலேயே நடந்தாள்.

வாசல் வரை போன டீச்சர் படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று, "மதினி..." என்று கூப்பிட்டார்.

எதிர் வீட்டு அம்மா வெளியே வந்தார். டப்பாவைப் பார்த்தார். டீச்சர் நின்ற இடத்தையும் பார்த்தார்.

"என்ன மதினி, கடன் வசூலிக்க வந்த மாதிரி வெளியவே நிக்கிறீக? உள்ள வாங்க!"

"இல்ல மதினி, பிள்ளை..."

"அவ நீங்க தூக்கி வளர்த்த பிள்ளை. உங்ககிட்டதான் அவ பேரை எழுதப் படிச்சா." கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

வளைகாப்புக்குக் காத்திருந்த பெண்தான் முதலில் சாப்பிட்டாள். "டீச்சர், இது என்ன, பால்கோவாவா, கேக்கா?" என்று கேட்டுக்கொண்டே கால் டப்பாவைக் காலி செய்துவிட்டாள். உள்ளே கட்டிலில் இருந்த பாட்டி மட்டும் சந்தேகமாகக் கேட்டார். "ஏத்தா, வருஷம் திரும்பலையே, எண்ணெய்ச் சட்டி வச்சியா?"

"இல்ல பெரியம்மா. அடுப்புலயே ஏத்தல."

"அப்புறம் என்ன? எனக்கும் ஒரு வாய் குடு."

மீதி ஆறு வீட்டுக்கும் டீச்சரே போனார். நோன்புக் கஞ்சி கொடுத்த கடைசி வீட்டிலிருந்து வெளியே வரும்போது மணி எட்டே கால். வெயில் ஏறிவிட்டது. முப்பது வருடமாகக் கணவர் நடந்த அந்த நடையை, தட்டோடு டீச்சர் நடந்தது அன்றுதான் முதல் தடவை. "இவ்வளவு நேரம் எங்கதான் போய் நின்னு பேசுறாரோன்னு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவரைத் திட்டுவேன். ஒரு வீட்டுலயும் சும்மா விடமாட்டேங்குறாகளே" என்றார் பேத்தியிடம்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் துடைத்துவிட்டார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தத் தட்டு காலியாக இருந்தது. மிச்சமிருந்த தேங்காய் உருண்டையில் ஒன்றை எடுத்துக் கணவர் படத்துக்கு முன்னால் வைத்தார்.

சாயங்காலம் எதிர் வீட்டு டப்பா திரும்பி வந்தது. உள்ளே மாங்காய் ஊறுகாய். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு பாத்திரம் வந்துவிட்டது.

"அம்மாச்சி, மறுபடியும் மூணு சேர்ந்திருச்சு!" என்றாள் பேத்தி.

"சேரட்டும்" என்றார் டீச்சர். "ஆடிக்குள்ள இன்னொரு கிலோ கோவா வாங்கச் சொல்லணும்."