வாயடைத்த டெஸ்ட்

கடன் தவணைக்கு அபராத வட்டி கணக்கிடும் நிரலை எழுதியவன் நான். அதற்கு யூனிட் டெஸ்ட் எழுதியவனும் நானே. எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று திரை காட்டிய மாலையில் நிரலை வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். மூன்றாவது வாரம் போன் வந்தது. தவணைத் தேதி விடுமுறையில் விழுந்தவர்களுக்கு அபராதம் இரண்டு முறை ஏறியிருந்தது. விடுமுறைக் கணக்குக்கென்றே என்னிடம் ஒரு டெஸ்ட் இருந்தது. அதுவும் பாஸ் ஆகியிருந்தது.

தினமும் கையாண்ட பைதான் யூனிட்டெஸ்ட் உள்ளே என்ன செய்கிறது என்பதை அன்றிரவுதான் உட்கார்ந்து படித்தேன். ஸ்மால்டாக் மொழிக்காக கென்ட் பெக் எழுதிய எஸ்யூனிட்தான் அதன் மூதாதை. 1997-ல் அவரும் எரிக் காமாவும் விமானப் பயணத்தில் எழுதத் தொடங்கிய ஜேயூனிட், அந்த முறையை ஜாவாவுக்குக் கொண்டுவந்தது. 2001-ல் பைதானுக்கும் அது வந்து சேர்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ‘டெஸ்ட்’ என்று பெயர் தொடங்கும் மெத்தடுகளைக் கருவி தேடி எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் உருவாக்கும். ஒன்றின் மிச்சம் இன்னொன்றில் ஒட்டக் கூடாது என்பதற்காக. முதலில் செட்அப், பிறகு டெஸ்ட், கடைசியில் டியர்டவுன். விடை தவறினால் அசர்ட் ஓர் எக்ஸப்ஷனை வீசும். கருவி அதைப் பிடித்து ‘எஃப்’ என்று குறித்துவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போகும். வேறு வகை எக்ஸப்ஷன் என்றால் ‘இ’. ஒன்றும் வராவிட்டால் ஒரு புள்ளி, அதுதான் பாஸ். வட்டியும் விடுமுறையும் கருவிக்குத் தெரியாது. எக்ஸப்ஷன் வெளியே வந்ததா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

அதைத்தான் நான் வரவிடாமல் செய்திருந்தேன். விடுமுறைப் பட்டியல் தரும் சர்வர் சில நேரம் பதில் சொல்லாது, டெஸ்ட் விழும். அலுத்துப்போய் முழு டெஸ்ட்டையும் ட்ரை-எக்ஸெப்ட்டுக்குள் போட்டேன். பைதானில் அசர்ஷன் எரரும் எக்ஸப்ஷன் வகைதான். சர்வர் பிழையோடு சேர்த்து, கணக்குப் பிழையையும் அந்த எக்ஸெப்ட் விழுங்கிவிட்டது.

கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். சர்வருக்குப் பதில் மாக் வைத்து டெஸ்ட்டைத் திருத்தி எழுதினேன். அன்றிலிருந்து, தோற்பதைக் கண்ணால் பார்க்காத எந்த டெஸ்ட்டையும் நான் நம்புவதில்லை.

நீங்களும் இன்றே ஒரு டெஸ்ட்டை எடுங்கள். அது சோதிக்கும் நிரலில் ஒரு கூட்டலைக் கழித்தலாக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அது பாஸ் ஆனால், அந்த டெஸ்ட்டைத் திருத்திவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.