நட்டுவும் நான் போட்ட ரெண்டு ரீடிங்கும்

லேபில் ரீடிங் "போடுவது" எப்படி என்று நம்ம டிபார்ட்மென்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்டீலுக்கு யங்ஸ் மாடுலஸ் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 2 லட்சம் நியூட்டன் வர வேண்டும். அதை வைத்துப் பின்னாடியிருந்து கணக்குப் போட்டு, நடுவில் ரெண்டு மூன்று எண்ணை லேசாகக் கலைத்துவிட்டால் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும். நானும் அப்படித்தான் நாலு செமஸ்டர் ஓட்டினேன். அது ஒரு தப்பு என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஒரு பூனைக்குட்டி வந்துதான் தோன்ற வைத்தது.

போன அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. மதுரையில் சாயங்காலம் மழை பிடித்தால் தெரியுமே, அரை மணி நேரத்தில் கோரிப்பாளையம் சிக்னலே குளமாகிவிடும். காலேஜ் பைக் ஸ்டாண்டில் மழை விடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். என் வண்டிக்கு அடியிலிருந்து "மீ" என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் எண்ணெயும் சேறுமாக ஒரு குட்டி. தாய்ப்பூனை வரும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி நின்று பார்த்தேன். வரவில்லை. பேகில் இருந்த லேப் கோட்டில் சுற்றி செல்லூருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் நானும் அம்மாவும் அப்பத்தாவும்தான். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. அம்மா பார்த்ததும், "இதுவேற ஒண்ணா? யார் பாக்குறது?" என்றார். அப்பத்தா மட்டும் கையை நீட்டி வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நட்டு மாதிரி இருக்குடா" என்றது. நான் மெக்கானிக்கல். பேர் அங்கேயே முடிவாகிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி முழுக்கப் படித்தேன். செமஸ்டருக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. குட்டியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பல்லைப் பார்க்க வேண்டும். ரெண்டு வாரத்துக்குப் பிறகு முன்பற்கள் எட்டிப் பார்க்கும், மூன்று நாலு வாரத்தில் கோரைப்பல், அதற்குப் பிறகுதான் பக்கவாட்டுப் பற்கள். பால்பல் மொத்தம் 26. நட்டுவுக்குக் கோரைப்பல் ஊசி மாதிரி இருந்தது, பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. கண் இன்னும் நீலம். ஆக, நாலு வாரம் இருக்கும்.

எடைதான் முக்கியம் என்று தெரிந்தது. பிறக்கும்போது சுமார் 100 கிராம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 10லிருந்து 15 கிராம் ஏற வேண்டும். வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம். அதனால் நாலு வாரக் குட்டி 400 கிராமை ஒட்டி இருக்கும். அம்மாவின் சமையலறைத் தராசில் ஒரு சில்வர் கிண்ணத்தை வைத்து ஜீரோ செய்து, நட்டுவை உட்கார வைத்தேன். 390. பரவாயில்லை!

ஒரு நோட்டு போட்டேன். தேதி, எடை, எத்தனை மில்லி குடித்தது, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, எல்லாத்துக்கும் ஒரு காலம். கிராஃப் ஷீட் ஒன்றை ஒட்டினேன். பெட் ஷாப்பில் குட்டிகளுக்கான பால் பவுடர் டப்பா, சின்னதிலேயே சின்னது வாங்கினேன். பசும்பால் கூடாது என்று அப்பத்தாவிடம் ஒரு லெக்சரே எடுத்தேன். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் நிறைய பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதோடு பூனைப் பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூட பசும்பாலில் கிடையாது. "நாங்கெல்லாம் பாலுஞ்சோறும் வச்சுத்தான் வளத்தோம்" என்றது அப்பத்தா. அந்தக் காலத்துப் பூனை எலியும் பல்லியும் பிடித்துத் தின்று மீதியைச் சரிக்கட்டிக்கொண்டது என்றேன். பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள், டாரின் குறைந்த பூனைகளுக்கு இதயம் வீங்கிப் பலவீனமாகிறது, டாரின் கொடுத்தால் தேறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனி உணவுகளிலேயே அதன் அளவைக் கூட்டினார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அப்பத்தா, யாரோ கொண்டுவந்த பால்கோவாவில் ஒரு துளியை நட்டுவின் மூக்குக்கு நேரே நீட்டியது. அது முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஜீன் அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சொன்னதும் அப்பத்தா சிரித்தது. "எனக்குத்தான் சுகர்னு குடுத்துவைக்கல. இதுக்குமா?"

வெள்ளி 398. சனி 411. ஞாயிறு 410. கோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கிராம் குறைந்தது எல்லாம் தராசின் எரர் என்று நினைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் பவுடர் தீர்ந்தது. திங்கள், செவ்வாய் இன்டர்னல். ஹீட் டிரான்ஸ்ஃபரில் ஒரு யூனிட்கூட முடிக்கவில்லை. "அப்பத்தா, ரெண்டு நாளைக்கு மட்டும் பாக்கெட் பால்ல தண்ணி கலந்து குடு. இன்டர்னல் முடியட்டும், வாங்கிட்டு வந்துடுறேன்." லெக்சர் எடுத்த அதே வாய்தான்.

திங்கள் சாயங்காலம் வந்ததும் அப்பத்தா சொன்னது: "வயித்தால போகுதுடா. சரியாவே திங்கல." நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும்: "தூக்குனா காத்தா இருக்குடா ராசா." எழுதிய பேப்பரின் கவலையில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். ராத்திரி பத்தரைக்கு நோட்டைத் திறந்தால் ரெண்டு வரி காலி. நட்டு தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாமே. கோட்டைக் கண்ணாலேயே நீட்டிப் பார்த்தேன். திங்கள் 420. செவ்வாய் 430. எழுதிவிட்டேன். கிராஃபிலும் புள்ளி வைத்துவிட்டேன். லேப் பழக்கம். கை தானாகப் போனது.

புதன் காலையில் நட்டு கத்தவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. தினமும் ஆறு மணிக்கு ஊரைக் கூட்டும். துண்டுக்குள் சுருண்டு கிடந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. தராசில் வைத்தேன். 358.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? தராசைச் சந்தேகப்பட்டேன். பேட்டரியை மாற்றினேன். அரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். 503 காட்டியது. கவரோடு சேர்த்தால் சரிதான். தராசில் தப்பே இல்லை. நட்டுவை மறுபடியும் வைத்தேன். 358.

பசியாக இருக்கும், ஊட்டலாம் என்று சிரிஞ்சை எடுத்தேன். நல்ல வேளை, அந்த ராத்திரி படித்தது ஞாபகம் வந்தது: குட்டி குளிர்ந்து கிடக்கும்போது ஊட்டக் கூடாது, செரிக்காது, புரை ஏறினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்து, அட்டைப்பெட்டியோடு அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். அப்பத்தாவும் சேலையைச் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ரெண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, கூடையில் ஒரு சண்டைச்சேவல். ஆட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க முதல்ல போங்க தம்பி" என்றார்.

டாக்டர் மேடம் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் கூடாரம் போட்ட மாதிரி அப்படியே நின்று, மெதுவாகத்தான் படிந்தது. நீர்ச்சத்துக் குறைவு. உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டியது காகிதமாக வெளுத்திருந்தது. டெம்பரேச்சர் 36.4. பூனைக்கு 38க்கு மேல் இருக்க வேண்டும். சீப்பால் ஒரு தடவை வாரினார், ஏழெட்டு தெள்ளுப்பூச்சி. "இந்த சைஸ் குட்டி உடம்புல மொத்த ரத்தமே 20 மில்லி. நாலு டீஸ்பூன். அதுல தெள்ளு குடிச்சது போக, வயித்துல புழு வேற இருக்கும்" என்றார்.

நான் பெருமையாக நோட்டை நீட்டினேன். எல்லாம் ரெக்கார்ட் பண்ணியிருக்கேன் மேடம்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நேத்து 430. இன்னிக்கு 358. ஒரே ராத்திரியில 72 கிராமா?" விரல் மேலே போனது. "மத்த நாளெல்லாம் 8, 13, மைனஸ் 1னு இருக்கு. இந்த ரெண்டு நாள் மட்டும் சரியா பத்து, பத்து. நிஜமா எடை பார்த்தீங்களா தம்பி?"

அப்பத்தா என்னைப் பார்த்தது. ஆட்டுக்காரரும் வாசலிலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. "இல்ல மேடம்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எழுதாம விட்டிருந்தா நானே 'ரெண்டு நாள் பாக்கல'ன்னு புரிஞ்சிருப்பேன். இப்ப இதை நம்பினா, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, திடீர்னு விழுந்துடுச்சுன்னு வேற நோயைத் தேடுவேன். மருந்தெல்லாம் எடைக்குத்தான் கணக்கு. ஏறாம நின்ன அன்னிக்கே ஒரு கேள்வி கேட்டிருக்கணும்." 410 என்று எழுதிய ஞாயிற்றுக்கிழமையை விரலால் தட்டினார். நான் எரர் என்று தள்ளிய அந்த ஒரு கிராம்.

தோலுக்கு அடியில் வெதுவெதுப்பான சலைன் ஏற்றினார். மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்ததில் உருளைப்புழு முட்டை. புழு மருந்தை எடைபோட்டு, துளியாகக் கொடுத்தார். ரெண்டு வாரத்தில் திரும்பவும் வரச் சொன்னார். தெள்ளுக்கு மருந்தே வேண்டாம், சீப்பால் வாரி சோப்புத் தண்ணீரில் போடு என்றார். கடையில் விற்கும் நாய்ப் பவுடரைப் போட்டுவிடாதே என்று எச்சரித்தார். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, செத்தே போகும். பாராசிட்டமாலும் அப்படித்தான். கடைசியில் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நட்டு பொண்ணு, தெரியுமா?" என்றார். ஒரு வாரமாக 'வாடா போடா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம். குப்புறப் படுத்த நிலையில் மட்டும் ஊட்டினேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே கொஞ்சம். அப்பத்தா தூங்கவே இல்லை. வியாழன் 356. வெள்ளி 361. சனி 374. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அது கத்திய கத்தலில் அம்மாவே எழுந்து வந்து, "அப்பாடா" என்றார்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணினார். வழக்கம் போல அப்பத்தாவின் சுகரைக் கேட்டார். அப்பத்தா காலண்டர் பின்பக்கத்தைப் பார்த்து வாசித்தது: "128, 130, 129, 131." அப்பா சந்தோஷமாக வைத்துவிட்டார். எனக்கு மட்டும் என்னவோ செய்தது. இத்தனை சீரான ரீடிங்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

குளுக்கோமீட்டரில் மெமரி இருக்கும், பழைய அளவும் தேதியும் அதிலேயே நிற்கும். எடுத்துப் பார்த்தேன். கடைசியாக டெஸ்ட் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்போது 219.

கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைக் காட்டினேன். அப்பத்தா நட்டுவைத் தடவிக்கொண்டே சொன்னது: "ஊசி குத்துனா வலிக்குதுடா. கூட இருந்தா உங்கப்பன் அங்க உக்காந்து கவலைப்படுவான். அவனுக்கு லீவு குடுக்கவா போறாங்க?"

"நானும் 420, 430 போட்டேன்ல அப்பத்தா" என்றேன்.

"அதுக்கென்ன, பொழச்சிருச்சுல்ல."

"நீ தூக்கிப் பாத்து காத்தா இருக்குன்னு சொன்ன. அதான் சரியான ரீடிங். நான்தான் கேக்கல."

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காப்பிக்கு முன்னாடி விரலை நீட்டியது. 246. அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போனோம், மாத்திரையை மாற்றினார்கள். அப்பாவிடம் நிஜமான எண்ணைச் சொன்னோம். கவலைப்பட்டார்தான். அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு வந்தும் விட்டார்.

அதற்குப் பிறகு வந்த லேபில் எங்கள் பேட்சுக்கு யங்ஸ் மாடுலஸ் 2.4 லட்சம் வந்தது. அப்படியே எழுதினேன். பக்கத்தில் இருந்தவன் பைத்தியமா என்று பார்த்தான். சார் காரணம் கேட்டார். தேடியதில் எக்ஸ்டென்சோமீட்டர் கிளாம்ப் வழுக்கியிருந்தது தெரிந்தது. மார்க் ஒன்றும் கூடவில்லை. ஆனால் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று நாலு செமஸ்டரில் முதல் தடவையாகப் புரிந்தது.

நட்டுவுக்கு இப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது. கண் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிவிட்டது. ரெண்டு டோஸ் தடுப்பூசி ஆகிவிட்டது, ராபிஸ் ஊசியும் போட்டாச்சு. நெத்திலி வாசனை வந்தால் அம்மாவின் காலையே சுற்றுகிறது. அம்மா இன்னும் "இதுவேற ஒண்ணா" என்றுதான் சொல்கிறார், தலையை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டே.

நோட்டில் அந்த ரெண்டு எண்ணையும் சிவப்புப் பேனாவால் அடித்து, 'பார்க்கவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். கிராஃபில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. புதிதாக ஒரு காலமும் சேர்ந்திருக்கிறது. இன்று காலை எழுதியது: நட்டு 1,180. அப்பத்தா 141. ரெண்டும் பார்த்து எழுதியது.