ஃபைல் மேல் ஒட்டிய சீட்டு

என் தம்பி மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும் நோய். அவசரம் வந்தால் அடக்க முடியாது. பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் போகும். அவளோ 14 கிலோமீட்டரில் கழிப்பறை எங்கெங்கே என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

வரன் பார்க்கும் நேரத்தில், "இது பரம்பரை வியாதியா பெரியப்பா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ரத்த சொந்தத்துக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அது உண்மை. ஆனால் உருவம் ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. இருவருக்கும் ஜீன் ஒன்றுதானே, பிறகு ஏன்?

நம் ஜீன் தொகுதியில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி சுமார் 2 சதவீதம்தான். மீதியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.க்களில் சில, மற்ற ஜீன்களின் உத்தரவைத் தடுத்து நிறுத்தும். இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை 1993இல் கண்டு சொன்ன அம்புரோஸ், ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வகையில் 124ஆம் எண் கொண்ட ஒன்று, அழற்சிக்குத் துணைபோகும் ஸ்டாட்-3 என்ற புரதத்தை அடக்கி வைக்கிறது. கொலைட்டிஸ் உள்ள குழந்தைகளின் குடலில் இந்த 124 குறைந்திருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன் ஜீன் மேல் மீத்தைல் என்ற வேதிக்குறி கூடுதலாக ஒட்டியிருந்ததாம். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஃபைலில் எழுத்து சரியாகவே இருக்கிறது. மேலே 'நிறுத்தி வை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. இந்தச் சீட்டு விவகாரத்துக்குத்தான் எபிஜெனிடிக்ஸ் என்று பெயர்.

பள்ளியில் பிரெஞ்சில் படித்ததால் பாரிஸ் செய்திகளை நேராகவே வாசிக்கிறேன். அங்குள்ள அபிவாக்ஸ் கம்பெனியின் ஒபெஃபாசிமோட் மாத்திரை, சீட்டைக் கிழிக்காமல் வேறு வழியாக இதே 124ஐக் கூட்டுகிறது. முதலில் எச்.ஐ.வி.க்காக ஆராய்ந்த மருந்து அது. மூன்றாம் கட்டச் சோதனையில் 8 வாரத்தில் பலன் தெரிந்ததாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அதை நம்பி, இப்போது சாப்பிடும் மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

ஆகவே இது தலையெழுத்தும் அல்ல, குலத்தின் குற்றமும் அல்ல. வரன் வீட்டாரிடம் மறைக்க வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று: ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவுகட்டி நாள் கடத்தக் கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள்.