ஏரிக்குத் தேய்மானம் உண்டா?

கொடைக்கானல் ரோடு என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் உண்டு. பெயரை நம்பி இறங்கி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். கொடைக்கானல் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பெயருக்கும் ஊருக்கும் நடுவிலேயே இவ்வளவு தூரம் என்றால், ஒரு பிளாட் புரோக்கரின் பேச்சுக்கும் பிளாட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பி.காம். படித்தவன்தான். இருந்தும் யோசிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 மே மாதம். மதுரை வெயில். வீட்டில் ஃபேன் சுற்றினால் அனல் காற்று, நிறுத்தினால் அனல் மட்டும். "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா ஃப்ரிட்ஜுக்குள்ள உக்கார வைங்க" என்றாள் மனைவி. அம்மா மட்டும் நிதானமாக, "கொடைக்கானல் போலாம்டா. 88-ல உங்கப்பா கூட்டிட்டுப் போனது. அதுக்கப்புறம் நான் மலையே ஏறலை" என்றாள். அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அதற்கு மேல் நான் என்ன பேச?

அந்தக் காலத்தில் கொடைக்கானல் போகப் பணமும் லீவும் இருந்தால் போதும். இப்போது இ-பாஸ் வேண்டும். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-ல் ஆரம்பித்த ஏற்பாடு. 2025 சீசனில் அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000. மனைவிக்கு ஆபீஸில் லீவும் எனக்கு இ-பாஸும் ஒரே தேதிக்குக் கிடைத்ததைக் குலதெய்வத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வாடகைக் காரில் உட்கார்ந்தபடி ஒரு கணக்குப் போட்டேன். 2011 சென்சஸ்படி கொடைக்கானல் நகரத்தின் ஜனத்தொகை 36,501. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தால், சனிக்கிழமை ஒரே நாளில் 24,000 பேர் ஏறலாம். மூன்று பேர் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு பேர் விருந்தாளி வந்த மாதிரி. அதுவும் எல்லாரும் ஒரே பாத்ரூம் வாசலில்.

செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதித்தார்கள். பையன் சீட்டுக்கு அடியில் ஒளித்திருந்த பிளாஸ்டிக் பாட்டில் சிக்கியது. பசுமை வரி 20 ரூபாய். "பத்து ரூபா தண்ணிக்கு இருபது ரூபா வரியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். அந்த இருபது ரூபாயைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளி அருவிக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. முக்கால் மணி நேரம். ஏரி நிரம்பி வழிகிற உபரித் தண்ணீர்தான் அந்த அருவியில் விழுகிறது. "அப்பா, நுரை ஏன் இந்தக் கலர்ல இருக்கு?" என்றான் பையன். "அது மண்ணுடா" என்றேன். அப்பாக்கள் இந்த மாதிரி பதில்களுக்கென்றே படைக்கப்பட்டவர்கள்.

*

கொடைக்கானல் ஏரியைக் கடவுள் வெட்டவில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து அதில் விட்டாராம். கடலோரத்துப் படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறியிருக்கிறது, அதுவும் மலைப்பாதையில் மோட்டார் வண்டி வராத காலத்தில்! சுமார் 60 ஏக்கர் தண்ணீர், சுற்றிலும் 5 கிலோமீட்டர் ரோடு. ஆக, ஏரியே ஒரு 'டெவலப்மென்ட்'தான். டெவலப்மென்ட் என்றாலே பாவம் என்று சொல்கிற கட்சி இல்லை நான்.

நாங்கள் போன அன்று அந்த ஐந்து கிலோமீட்டரும் கார், குதிரை, வாடகை சைக்கிள், சோளம், பஜ்ஜி, பிரெட் ஆம்லெட் என்று நிரம்பியிருந்தது. படகுக்கு ஒன்றரை மணி நேர க்யூ. நடுவில் எங்கேயோ ஏரியும் இருந்தது.

அம்மா பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். 1988. கலர் மங்கி எல்லாமே டீ நிறத்தில் இருந்தது. அப்பா பெரிய காலர் சட்டையும் மஃப்ளருமாகக் கரையில் நிற்கிறார். அம்மா வெட்கத்தில் ஒன்றரை அடி தள்ளி நிற்கிறாள். பின்னால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் ஒரு சரிவு, சரிவு முழுக்க மரம். "இதே இடத்துல என்னை ஒரு போட்டோ எடுடா" என்றாள்.

இடத்தைக் கண்டுபிடிக்க அரைமணி ஆயிற்று. ஏரியின் வளைவு மாறவில்லை. பின்னால் இருந்ததுதான் மாறிவிட்டது. எந்தப் பக்கம் நிறுத்தினாலும் அம்மாவின் தலைக்கு மேல் ஏதாவது ஒரு லாட்ஜின் போர்டு கிரீடம் மாதிரி வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். "சார் மதுரையா? நம்ம ஊரு! லேக் வியூ பிளாட் ஒண்ணு இருக்கு, சும்மா பாருங்க."

சும்மா பார்ப்பதற்குக் காசில்லை. வழியில் பஜ்ஜி மடித்த பேப்பரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். "மூணு சென்ட் சார். ரெண்டு ரூம் போடுங்க. ரூமுக்கு நாலாயிரம், வருஷத்துல 120 நாள் ஓடினாப் போதும். ஒன்பது லட்சத்து அறுபதாயிரம்!" எண்ணெய்க் கறைக்கு நடுவில் அந்தத் தொகை பளபளவென்று தெரிந்தது. பெருக்கலைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கணக்குப் படித்தவனை ஏமாற்றச் சரியான கணக்கே போதும்.

அம்மா பெயரில் 12 லட்ச ரூபாய் டெபாசிட் கிடக்கிறது. அப்பா ரிடையர் ஆனபோது வந்தது. ஊர் தெரியாமல் ஊறிக்கொண்டிருந்த ஆசை எனக்கும் உண்டு: மலை மேல் ஒரு சின்ன வீடு, ஜன்னலைத் திறந்தால் ஏரி, மாதக் கடைசியில் கையேந்தாத வாழ்க்கை. மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மனசுக்குள் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். "அட்வான்ஸ் ஐம்பதாயிரம் போடலாமாங்க?" என்றாள்.

சரிவில் இறங்கினோம். என் செருப்பு பொதுக்கென்று மண்ணில் புதைந்தது. மே மாதத்தில், மழை பெய்யாத வாரத்தில், காலடியில் ஈரம். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிராமலே சொன்னார்: "அது ஊத்துல்ல தம்பி. மழைத்தண்ணி இங்கிட்டு நின்னு, மெதுவாக் கசிஞ்சு ஏரிக்குப் போகும்."

புரோக்கர் சிரித்தார். "நாலு லோடு மண்ணு கொட்டினா சரியாயிடும் சார்."

"மலைப் பகுதியாச்சே, ஹாக்கா அனுமதி? பிளான் அப்ரூவல்?"

"முதல்ல கட்டிடுங்க. அப்புறம் எல்லாத்தையும் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்."

விதிமீறிய கட்டடங்களுக்கு ஹைகோர்ட் உத்தரவின் பேரில் 2019-ல் சீல் வைத்த ஊர் அது. அதைச் சொன்னேன். "அது அப்போ சார்" என்றார், ஏதோ பாண்டியர் காலத்துச் செய்தி மாதிரி.

நான் அப்போதும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். 'எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள், நான் கட்டினால் மட்டும் ஏரி வற்றிவிடுமா?' என்றுதான் மனசு வாதாடிக்கொண்டிருந்தது. அம்மாதான் போட்டோவைத் திரும்ப எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கீழே ஏரியையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டா, உங்கப்பாவுக்குப் பின்னாடி தெரியுதே சரிவு, அதுலதானே இப்ப நிக்கிறோம்?"

"ஆமாம்மா."

"நாம வீடு கட்டினா இதுல எங்க வரும்?"

குற்றம் சொல்லவில்லை. சும்மா இடம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நானும் பார்த்தேன். சரியாக அப்பாவின் மஃப்ளருக்குப் பக்கத்தில் வந்தது.

*

அன்று ராத்திரி லாட்ஜில் குளிக்கத் தண்ணீர் வரவில்லை. ரூம் பையன் ஆளுக்கு ஒரு வாளி வைத்துவிட்டு, "டேங்கர் நாளைக்குத்தான் சார்" என்றான். ஜன்னலுக்கு வெளியே 60 ஏக்கர் தண்ணீர், ஜன்னலுக்கு உள்ளே ஒரு வாளி. எனக்குத் தூக்கம் வரவில்லை. காலேஜில் படித்த பாடம் ஞாபகம் வந்தது.

கம்பெனிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. மெஷின்களின் தேய்மானத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். டிவிடெண்ட் கொடுப்பதென்றால் அதிலிருந்துதான் கொடுக்கலாம். தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுத்தால், முதலையே பிட்டுப் பிட்டுத் தின்கிறோம் என்று அர்த்தம். கொஞ்ச வருஷம் பங்குதாரர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். பிறகு கம்பெனி இருக்காது.

லெவிஞ்ச் முதல் போட்டுவிட்டுப் போய்விட்டார். லாட்ஜ் முதலாளி, பஜ்ஜிக் கடை, புரோக்கர், போட்டோ பிடிக்க வந்த நான் என்று எல்லாருமே அதில் டிவிடெண்ட் வாங்குகிறோம். குதிரைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர் வீட்டு அடுப்பு வருஷம் முழுக்க எரிய வேண்டும். ஆனால் ஏரியின் தேய்மானத்தை யார் எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள்? நானாக எழுதியது, முணுமுணுத்துக்கொண்டே கட்டிய அந்த இருபது ரூபாய் மட்டும்தான். புரோக்கரின் பஜ்ஜிப் பேப்பரில் பெருக்கல் சரி. ஊற்றுக்கு மட்டும் ஒரு வரி விட்டுப் போயிருந்தது.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பாதி காரணம் போட்டோ, பாதி காரணம் சீல் பயம். மனைவி வத்தலக்குண்டு வரும்வரை பேசவில்லை. அங்கே காபி குடித்ததும், "தண்ணி இல்லாத ஊர்ல வீடு எதுக்கு?" என்று அவளே தீர்ப்பைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டாள்.

போன வாரம் புரோக்கர் போன் செய்தார்.

"சார், அந்த இடம் போயிடுச்சு. ஆனா அதுக்கு மேல ஒண்ணு வந்திருக்கு. ஏரி இன்னும் நல்லாத் தெரியும்."

"அதெப்படி? மேல மரமாச்சே?"

"இப்ப இல்ல சார்" என்றார் உற்சாகமாக.